ஐஸ் ஹவுஸ் டீச்சரம்மா

பின்னாளில் சகோதரி சுப்புலட்சுமி என்று அறியப்பட்டவருக்கு ஒன்பது வயது ஆனபோது, செங்கல்பட்டு மாவட்ட அளவில் நடந்த நான்காம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவர்தான் முதலாவதாக வந்தார். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் மதராஸ் நகரத்தைச் சுற்றி வளைத்துக் கிடந்தது. இன்று சென்னையின் மேற்குப் புறநகர் என்று சொல்லப்படும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அந்த மாவட்டத்து ஊர்கள்தான். ஏரியும் வயலுமாக இருந்த காலம். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தை தேர்வில் முதலிடம் பிடிப்பதும், அடுத்த இரண்டொரு ஆண்டில் அதே குழந்தை கல்யாணமாகித் தாலி இழந்து வீட்டு மூலையில் உட்காருவதும் ஒரே வாழ்க்கைக்குள் நடந்தன.

அவர் பிறந்தது 1886 ஆகஸ்ட் 18 அன்று, மயிலாப்பூரில். தஞ்சைச் சீமை ரிஷியூரைப் பூர்வீகமாகக் கொண்ட ஆசாரமான பிராமணக் குடும்பம். அப்பா சுப்பிரமணிய ஐயர் அரசு உத்தியோகத்தில் இருந்தவர், அம்மா விசாலாட்சி. சுப்புலட்சுமி மூத்த பெண். பெரியவளாகும் முன்பே பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட வேண்டும் என்ற வழக்கப்படி அவருக்கும் கல்யாணம் நடந்தது. கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துபோனார். புருஷன் வீட்டில் வாழாமலே அந்தச் சிறுமி விதவையானார்.

அந்தக் காலத்தில் விதவை என்ற சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருந்தது என்பதைச் சொன்னால்தான் பின்னால் அவர் செய்த காரியத்தின் கனம் புரியும். தலையை மழிப்பார்கள், மாதந்தோறும் அம்பட்டர் வந்து அந்த மொட்டையைப் புதுப்பித்துவிட்டுப் போவார். மஞ்சள் கூடாது, பூ கூடாது, குங்குமம் கூடாது, ரவிக்கை கூடாது. நார்மடிப் புடவை ஒன்று. சாப்பாடு ஒரு வேளை. ஏகாதசியன்று அதுவும் இல்லை, கட்டுப்பாடான வீடுகளில் பச்சைத் தண்ணீரும் இல்லை. வெளியே கிளம்புகிறவர் எதிரே விதவை வந்துவிட்டால் அபசகுனம் என்று அவர் திரும்பி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டுப் புறப்படுவார். ஆகவே கூடத்தில் ஆள் நடமாட்டம் கேட்டால் சமையற்கட்டுக்குள் ஒதுங்க வேண்டும். வீட்டு வேலை முழுக்க அவள் தலையில், வீட்டு விசேஷத்தில் மட்டும் அவளுக்கு இடமில்லை. எட்டு வயதுப் பெண்ணுக்கும் இதே சட்டம், எண்பது வயதுக் கிழவிக்கும் இதே சட்டம்.

சுப்புலட்சுமியின் பெற்றோர் இந்தச் சட்டத்தை மகள்மேல் போட மறுத்தார்கள். தலைமயிர் பிழைத்தது. அதைவிடப் பெரிய முடிவு, அவர் படிக்கட்டும் என்று அப்பா தீர்மானித்தது. முதலில் வீட்டிலேயே வைத்து இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். பிறகு கன்னியாஸ்திரீகள் நடத்திய கான்வென்ட் பள்ளிக்கு அனுப்பினார். உறவும் ஊரும் பேசாமல் இருந்திருக்காது. அரசு உத்தியோகம் பார்த்து, பிள்ளை குட்டிகளோடு அக்கிரகாரத்து உறவுகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு மனிதர் அந்தப் பேச்சை எல்லாம் தாங்கிக்கொண்டார். மகளின் சாதனைகளுக்குப் பின்னால் இருக்கும் இந்த அப்பாவைச் சேர்த்து நினைக்காவிட்டால் கதை பாதிதான்.

மெட்ரிகுலேஷன் முடித்து, மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1911-இல் பட்டம் பெற்றார். மதராஸ் மாகாணத்தில் பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் என்று அவர் பெயர் பதிவானது. ஆண்கள் நிறைந்த வகுப்பறையில் வெள்ளைப் புடவையோடு ஓர் இளம் விதவை வந்து உட்கார்ந்து பாடம் கேட்டார் என்பதே அன்றைக்குப் பெரிய சேதி.

பட்டம் வாங்கியவர் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அவரை உறுத்தியது வேறு. தன்னைப் போலவே தாலி இழந்து மூலையில் கிடக்கும் பெண் குழந்தைகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களுக்கு அப்படி ஓர் அப்பா வாய்க்கவில்லை. இன்னொரு பக்கம், அரசாங்கத்துக்கு வேறொரு தலைவலி. பெண் பள்ளிகள் திறந்தால் பாடம் சொல்ல ஆள் கிடைக்கவில்லை. ஆண் வாத்தியார் என்றால் பெரியவளான பெண்ணைப் பெற்றோர் அனுப்ப மாட்டார்கள். பெண் வாத்தியார் என்றால் கிறிஸ்தவ மிஷனைச் சேர்ந்தவர்களைத் தவிரக் கிடைப்பது அபூர்வம். கல்யாணமான பெண் வேலைக்கு வர மாட்டாள். கல்யாணமாகாத பெரிய பெண் என்று ஒருத்தி ஊரிலேயே இல்லை. மிச்சம் இருந்தவர்கள் யார்? சமூகம் எதற்கும் ஆகாதவள் என்று ஒதுக்கிவைத்த இளம் விதவைகள். அவர்களைப் படிக்கவைத்து ஆசிரியைகளாக்கினால் இரண்டு கணக்கும் ஒருசேரத் தீரும். பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி இதே யோசனையில் இருந்தார். சுப்புலட்சுமியும் அவரும் கைகோத்தது இப்படித்தான்.

ஆனால் படிப்பைத் தொடங்கும் முன் ஒரு வீடு வேண்டியிருந்தது. இந்த இடத்தில்தான் அவருடைய வாழ்க்கையின் சாரம் இருக்கிறது. ஒரு சாதாரண டீச்சருக்குப் பள்ளிக்கூடம் போதும். குழந்தை காலையில் வரும், சாயங்காலம் வீட்டுக்குப் போகும். குழந்தை விதவைக்கோ வீடுதான் சிறை. அந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்து, தூங்க இடம் கொடுத்து, மடி ஆசாரத்தோடு சமைத்துப் போட்டு, காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, பெற்றவர்கள் பயப்படாதபடி பார்த்துக்கொண்டால் மட்டுமே அவள் கையில் சிலேட்டைக் கொடுக்க முடியும். அதாவது முதலில் அம்மா, அப்புறம்தான் டீச்சர். பெற்ற பிள்ளை இல்லாத சுப்புலட்சுமி அந்த வரிசையைத் தெளிவாகப் புரிந்துகொண்டார். 1912 வாக்கில் எழும்பூரில் அவர் குடும்பம் இருந்த வீட்டிலேயே நான்கு பெண்களோடு இல்லம் தொடங்கியது. அதே ஆண்டு பெண்கள் கூடிப் பேசவும் படிக்கவும் சாரதா மகளிர் சங்கத்தையும் ஆரம்பித்தார்.

இல்லத்தில் அவருக்குப் பக்கபலமாக நின்றவர் அம்மாவின் தங்கை வாலாம்பாள். அவரும் இளம் வயதில் விதவையானவர். தாயைப் பிரிந்து வந்து நிற்கும் குழந்தைகளுக்கு ஒரு சித்தி இருந்தது எவ்வளவு ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெண்கள் கல்வி வரலாற்றில் இந்தச் சித்திமார்களின் பெயர் அதிகம் வருவதில்லை. அடுப்பங்கரையை அவர்கள் பார்த்துக்கொண்டதால்தான் வகுப்பறை நடந்தது.

விதவைகளுக்கான முயற்சிகள் அதற்கு முன்பே இந்தியாவில் இருந்தன. மறுமணச் சட்டம் 1856-இலேயே வந்துவிட்டது. ராஜமகேந்திரவரத்தில் வீரேசலிங்கம் 1881-இல் ஒரு விதவைக்கு மறுமணம் நடத்திவைத்தார். பண்டித ரமாபாய் 1889-இல் பம்பாயில் சாரதா சதனைத் திறந்தார். கார்வே 1896-இல் புனேயில் விதவையர் இல்லம் கண்டார். வீரேசலிங்கத்தின் வழி மறுமணம். ரமாபாய் கிறிஸ்தவத்தைத் தழுவியவர் என்பதால் வைதீகக் குடும்பங்கள் அவர் பக்கம் போகத் தயங்கின. சுப்புலட்சுமி மூன்றாவது வழியை எடுத்தார். மறுமணத்தைத் தன் இல்லத்தின் நோக்கமாக வைக்கவில்லை. சாப்பாடு, பூஜை, மடி எதிலும் கைவைக்கவில்லை. பெற்றோர் எதைக் காரணம் காட்டி மறுப்பார்களோ அதையெல்லாம் முன்கூட்டியே விட்டுக்கொடுத்துவிட்டு, படிப்பை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

இந்த விட்டுக்கொடுத்தலுக்கு ஒரு விலை இருந்தது. அரசு உதவியோடு வளர்ந்த விடுதி பிராமண விதவைகளுக்கானது. மற்றச் சாதிப் பெண்களுக்கு அதன் கதவு திறக்கவில்லை. விதவையை விதவையாகவே வைத்துப் படிக்கவைப்பது எப்படிச் சீர்திருத்தமாகும் என்ற கேள்வியும் நியாயமானது. அதே காலத்தில் ஈரோட்டில் பெரியார், விதவையாகிவிட்ட தன் தங்கை மகளுக்கு எதிர்ப்பை மீறி மறுமணம் செய்துவைத்தார். அந்த வழியின் துணிச்சலோடு ஒப்பிட்டால் சுப்புலட்சுமியின் வழி மெதுவானதுதான். ஆனால் இழுத்துப் பூட்டிய வீடுகளிலிருந்து பெண்களை வெளியே அழைத்துவந்தது அந்த மெதுவான வழி. அப்படி வந்தவர்கள் சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகு பழைய மூலைக்குத் திரும்ப அவசியம் இருக்கவில்லை.

பெண்கள் எண்ணிக்கை கூடக் கூட வீடு போதவில்லை. விதவைகள் கும்பலாகக் குடியிருக்கும் வீடு என்றால் அக்கம்பக்கம் ஏற்றுக்கொள்ளும் காலமும் அல்ல. கடைசியில் கிடைத்தது, குடியிருக்க யாரும் கேட்காத ஒரு கட்டடம். மெரினா கடற்கரைச் சாலையில் வட்ட முகப்போடு நிற்கும் ஐஸ் ஹவுஸ்.

அந்தக் கட்டடத்தின் கதை தனிக்கதை. 1842-இல் ஃபிரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரியின் கம்பெனி அதைக் கட்டியது. அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் பாதி உலகம் சுற்றி மதராஸுக்குக் கொண்டுவந்தார்கள். வெயில் உள்ளே நுழையாதபடி தடித்த சுவர் வைத்த கிடங்கு அது. இங்கேயே ஐஸ் தயாரிக்கும் முறை வந்ததும் வியாபாரம் படுத்தது. பிறகு வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கிக் குடியிருந்தார்; 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே ஒன்பது நாள் தங்கிப் பேசினார். 1917-இல் அது அரசு கைக்கு வந்தது. குழந்தை விதவைகளின் விடுதி அங்கே குடிபுகுந்தது.

அந்த இடத்தின் அருமை அதன் அக்கம்பக்கத்தில் இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தால் ராணி மேரிக் கல்லூரி. மதராஸ் நகரத்தின் முதல் பெண்கள் கல்லூரி, 1914-இல் தொடங்கியது. மொட்டைத் தலையோடு வந்த பெண் குழந்தை ஐஸ் ஹவுஸில் அரிச்சுவடி தொடங்கி, முடி வளர்ந்து, வளர்ந்தபின் அதே கடற்கரைச் சாலையில் கல்லூரிக்கு நடந்து போக வழி திறந்தது. எதிரே கடல். பகலில் கூடத்துக்கு வரக்கூடாது என்று வளர்க்கப்பட்ட பெண்ணுக்கு அந்த அகலமான சாலையும் காற்றும் எப்படி இருந்திருக்கும்!

1920-இல் அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் தங்கப்பதக்கம் கொடுத்தது. 1922-இல் ஐஸ் ஹவுஸை ஒட்டியே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் முதல்வர் ஆனார். கல்லூரியோடு ஒரு மாதிரிப் பள்ளியும் இருந்தது: காலையில் படித்த பாடமுறையை அங்கேயே உயிருள்ள குழந்தைகள் முன் நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். கரும்பலகையில் கோடு கோணாமல் எழுதுவது, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும்படி பேசுவது, அழுகிற குழந்தையைச் சமாளிப்பது எல்லாம் புத்தகத்தில் வராது. இன்று வரை நம் ஊரில் டீச்சர் டிரெயினிங் என்றால் பெண்கள் எடுத்துக்கொண்டு போகும் பாடத்திட்ட நோட்டும் அட்டைப் படங்களும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

அவருடைய பொது வாழ்க்கை இதற்குப் பிறகு விரிந்தது. அகில இந்தியப் பெண்கள் மாநாட்டில் பங்கெடுத்தார். குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துக்கு ஆதரவு திரட்டினார். 1929-இல் நிறைவேறி 1930 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதைப் பதினான்கு ஆக்கியது. தன்னைப் போன்றவர்கள் உருவாகும் ஊற்றையே அடைக்கப் பார்த்தார் என்று இதைச் சொல்லலாம். சாரதா வித்யாலயா என்று அவர் தொடங்கிய பெண்கள் பள்ளியைப் பின்னர் ராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டது. தியாகராய நகரில் இன்றும் நடக்கிறது. சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் 1942-இல் மயிலாப்பூரில் ஸ்ரீவித்யா கலாநிலையத்தைத் தொடங்கினார். பள்ளி வயது தாண்டிவிட்ட பெண்களுக்கான படிப்பு அங்கே. 1952 முதல் 1956 வரை மதராஸ் சட்ட மேலவையில் உறுப்பினர். 1956-இல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் மூலமாக வித்யா மந்திர் பள்ளி வந்தபோது அதன் தலைவர் அவர்தான். 1958-இல் பத்மஸ்ரீ.

அவர் தேர்வெழுதிய பழைய செங்கல்பட்டு மாவட்டம் இதற்குள் வேறு முகம் எடுத்திருந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆரம்பப் பள்ளிகளில் பெண்களையே ஆசிரியர்களாக நியமிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஐஸ் ஹவுஸும் சுயமரியாதை மேடையும் எதிரெதிர்த் திசையிலிருந்து புறப்பட்டவை. பெண் டீச்சர் வேண்டும் என்பதில் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. அம்பத்தூரில் 1949-இல் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது காமராஜ் முதலமைச்சர்; ஊர் ஊராகப் பள்ளி திறப்பதும், 1956-இல் தொடங்கிய மதிய உணவும் அவர் காலத்து வேலை. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. தொழிலாளிக் குடும்பங்கள் குடிவந்த தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம் வேண்டியிருந்தது, பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் வேண்டியிருந்தது.

அந்த டீச்சர்கள் ஐஸ் ஹவுஸ் தலைமுறையினர் அல்ல. கழுத்தில் தாலியும் தலையில் பூவும், வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகளும் உள்ளவர்கள். முதல் தலைமுறையில் தாய்மை மறுக்கப்பட்டவர்தான் ஆசிரியையாக முடிந்தது. பிரிட்டனிலேயே கல்யாணமான பெண் ஆசிரியர்களை வேலையிலிருந்து நீக்கும் வழக்கத்தை 1944-இல்தான் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இங்கே அடுத்த தலைமுறை, அம்மாவாகவும் டீச்சராகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம் என்று வாழ்ந்து காட்டியது. விடியற்காலையில் சமைத்து, டிபன் பாக்ஸ் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, திருத்திய நோட்டுக் கட்டோடு பட்டாபிராம் லோக்கலையோ பூந்தமல்லி பஸ்ஸையோ பிடிக்கிற பெண்ணை மேற்குப் புறநகரில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். சாயங்காலம் திரும்பியதும் சொந்தப் பிள்ளையின் வீட்டுப்பாடம், ராத்திரி முப்பது நாற்பது பேரின் பரீட்சைத் தாள். ஊர் இவர்களுக்கு வைத்த பெயர் டீச்சரம்மா. வாத்தியார் ஐயாவுக்கு இணையாக வந்த மரியாதைப் பெயர்தான் அது. இருந்தாலும் மூக்கு ஒழுகும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை அதைச் சொல்லும்போது கடைசியில் வரும் அம்மாவுக்கு அதன் முழு அர்த்தமும் வந்துவிடுகிறது.

சட்டம் இவர்களைக் கவனிக்க நாளாயிற்று. அரசுப் பணியில் பெண்களுக்கு 30 விழுக்காடு இடம் 1989-இல் தமிழ்நாட்டில் வந்தது. அரசு ஊழியர்களுக்கான மகப்பேறு விடுப்பு 2016-இல் ஒன்பது மாதமாகி, 2021 ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதமாகியிருக்கிறது. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் பால் கட்டிய மார்போடு வகுப்பில் நின்ற பழைய டீச்சரம்மாக்களுக்கு இந்த விடுப்பு கிடைக்கவில்லை. ஊர்களும் மாறிவிட்டன. 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானபோது அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி அதோடு போயின. 2011-இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2019-இல் ஆவடியே மாநகராட்சியானது.

சுப்புலட்சுமியின் கடைசிக்கால வேலைகளில் ஒன்றும் புறநகரில்தான், ஆனால் தெற்கே. 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு நல மையம் அமையத் துணைநின்றார். அப்போது வயது அறுபத்தெட்டு. மோனிகா ஃபெல்டன் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் அவருடைய முதுமையில் அவரோடு பழகி, குழந்தை விதவையாக அவர் தொடங்கிய வாழ்க்கையை ஒரு புத்தகமாக எழுதினார். 1966-இல் அது வெளிவந்தது. ஐஸ் ஹவுஸுக்கு அதற்குள், விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963-இல், விவேகானந்தர் இல்லம் என்று பெயர் மாறியிருந்தது. அடுத்த கட்டடத்தில் ஆசிரியர் பயிற்சி மட்டும் நிற்காமல் நடந்துகொண்டிருந்தது.

1969 டிசம்பர் 20 அன்று, எண்பத்து மூன்று வயதில், சகோதரி சுப்புலட்சுமி காலமானார். அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி.